தீவில் ஒரு பகல்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் இலக்கியம் பேசுதற்குக் கற்றறிந்த பெரியோர் வந்திருக்கின்றனர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபத்து நான்கு ஆண்டுகளாகச் சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதிக் காலந்தள்ளும் நமக்கும் அரை மணி நேரம் ஒதுக்கியது செயலாளர் அவர்களின் பெருந்தன்மை. "இலக்கியம் நமக்கு வராதே" என்றோம். "அந்தமானுக்குப் போய் வந்தீர் அல்லவா, அதைச் சொல்லும்" என்றார். ஆகவே சொல்லுகின்றோம். 'நாம்', 'நமக்கு' என்று பேசுவது கேட்டுக் கூட்டமாகச் சென்றதாக எண்ண வேண்டாம். மேடையில் நின்று 'நான்', 'நான்' என்று சொல்ல நாக் கூசுகின்றது, அவ்வளவே. சொல்லப் போகும் அந்த ஒரு பகலில் நாம் தன்னந்தனியராகவே இருந்தோம்.

பயணத்திற்குப் பணம் வந்த வழியை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் காலனியில் வேறு விதமாகப் பேச்சு எழும். எம் தந்தையார் 1963-ஆம் ஆண்டில் லால்குடிக்கு அருகேயுள்ள சிற்றூரினின்று புறப்பட்டு, இந்தக் கரக்பூர்ப் பட்டறையில் கலாசியாகச் சேர்ந்தவர். நாம் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். எனினும் ஊரில் ஓட்டு வீடு ஒன்று இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பாஸ் எடுத்துச் சென்று, ஒட்டடை அடித்து, பத்து நாள் இருந்துவிட்டு வருவோம். தந்தையார் காலமான பின்னர் பங்காளிகள் கூடிப் பேசினர். கூரை சரிகின்றது, பழுது பார்ப்பார் இல்லை, விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று. சென்ற ஆண்டு ஐப்பசியில் பத்திரம் பதிவாயிற்று. நாமும் சென்று கையெழுத்திட்டு வந்தோம். நம் பங்கிற்கு வந்த தொகையில் பெரும்பகுதி மகளின் கல்லூரிக்குப் போக, சிறிது எஞ்சியது. "இதுவும் அரிசிக்கும் பருப்புக்கும் கரைந்து போவதற்குள் பிள்ளைகளை எங்கேனும் அழைத்துச் செல்லுங்கள். திகாவுக்கு வேண்டாம், அது பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது" என்றார் இல்லாள். ஆகச் சொந்த ஊரை விற்ற காசில் ஊர் சுற்றப் புறப்பட்டோம் என்பதே உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலுவலகப் பதிவேட்டில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் உண்டு என்பது இங்குள்ள ரயில்வே அன்பர்கள் யாவர்க்கும் தெரியும். பணியில் சேர்ந்த நாளில் அதில் தந்தையாரின் ஊரையே எழுதினோம். வீடு போன பிறகு அக்கட்டம் கண்ணை உறுத்தலாயிற்று. 'கரக்பூர் என மாற்றித் தரக் கோருகின்றேன்' என்று ஒரு விண்ணப்பம் எழுதி, தேதி மட்டும் போடாமல், மேசை இழுப்பறையில் வைத்துவிட்டே அந்தமானுக்குப் புறப்பட்டோம்.

நமது பாஸ் ஹௌராவோடு நின்றுவிட்டது. கடலில் ரயில் ஓடாதே! கொல்கத்தாவிலிருந்து கப்பலில் போனால் 1,255 கிலோமீட்டர், நாட்கணக்காகும். விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்றே கூடுதல். விமானத்திலேயே சென்றோம். இறங்கிய ஊரின் பெயர் போர்ட் பிளேர் என்றே நாம் படித்திருந்தோம். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டனர். ஊராரோ இரண்டையும் சொல்லுகின்றனர். ஹேவ்லாக் தீவு 2018-இல் ஸ்வராஜ் தீவாயிற்று. நீல் தீவு ஷஹீத் தீவாயிற்று. நகரின் கடைவீதிக்கு மட்டும் இன்னும் அபர்டீன் என்றே பெயர். ஸ்காட்லாந்தில் ஓர் அபர்டீன் உண்டு என்பது பூகோளப் பாடத்தில் நினைவிருக்கின்றது. கடைவீதியில் தமிழ் கேட்காத இடமில்லை. முருகன் கோயிலும் உண்டு. அதன் பலகையை நம் மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். தமிழ்ப் பலகை அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஞாயிறு தோறும் சங்கத்தில் நடக்கும் வகுப்புக்கு அனுப்பாத குற்றம் நம்முடையதே.

கூண்டுச் சிறையைக் கண்டோம். 1896 முதல் 1906 வரை கட்டிய ஏழு சிறகுகளில் மூன்றே எஞ்சியுள்ளன. அதுபற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர்; நாம் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. மறுநாள் ஸ்வராஜ் தீவுக்குப் படகேறினோம். திரும்பும்போது கடல் கொந்தளித்தது. இல்லாளும் இளையவனும் குடல் வெளிவருமளவு வாந்தியெடுத்து, விடுதிக்கு வந்து சேர்ந்ததும் படுத்துவிட்டனர். "நாளை ஒரு நாள் நாங்கள் எங்கும் வருவதாக இல்லை. நீங்கள் சும்மா இருந்து எங்களைத் தொந்தரவு செய்யாமல், எங்கேனும் போய்விட்டு வாருங்கள்" என்று உத்தரவாயிற்று. மகளோ தாய்க்குத் துணையாக இருந்துவிட்டாள்.

இப்படி நேர்ந்ததுதான் அத்தனிப் பயணம். விடுதிக்கு எதிரே மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையொன்று இருந்தது. ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு, ஒரு வண்டியைக் கொடுத்தனர். அதன் சங்கிலி சற்றுத் தொய்ந்திருப்பதைக் கண்டும் நாம் வாய் திறவாதது நம் பிழை. காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். அங்கே அது பின்நேரம் என்றே சொல்ல வேண்டும். நம் நாட்டு மணி 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. தீவோ அதற்குப் பத்துப் பாகைக்கும் மேல் கிழக்கே கிடக்கின்றது. ஆதலால் பிப்ரவரியிலும் ஐந்தே முக்காலுக்குள் கதிரவன் எழுந்துவிடுகின்றான். மாலை ஐந்தரைக்குள் விழுந்தும் விடுகின்றான். இது தெரியாதவர் அங்கே பகலைத் தொலைத்துவிடுவர்.

நம் வயதில் மோட்டார் சைக்கிளில் தனியே போவதன் இன்பத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காலனியிலிருந்து ஆபீசு, ஆபீசிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து காலனி என்று இருபது ஆண்டுகள் ஓட்டிய கை, அன்று எந்தப் பக்கம் திருப்புவது என்பதையே அறியாமல் சற்று மிரண்டது. பின்னால் பை இல்லை, பிள்ளை இல்லை, எரிவாயு உருளை இல்லை. ஏற்றமும் இறக்கமுமான சாலை. இருபுறமும் பாக்கும் தென்னையும். மேட்டின் முடியில் ஏறினால் காட்டு மரங்கள் வானை மறைக்கின்றன. இறங்கினால் திடீரென்று கடல் ஒரு துண்டு தெரிந்து மறைகின்றது. லெவல் கிராசிங் என்பதே இல்லை. "அப்பா, இங்கே ரயில் இல்லை, உங்களுக்கு வேலையும் இல்லை" என்று முதல் நாளே இளையவன் சொன்னது நினைவுக்கு வந்தது. மெய்தான். அத்தீவுக் கூட்டத்தில் எங்கும் பயணிகள் ரயில் கிடையாது.

காராசரமா கடந்து சிப்பிகாட் சேர்ந்தபோது வண்டியை நிறுத்தினோம். சாலையின் பக்கத்தில் அகன்ற நீர்ப்பரப்பு. அதில் பட்ட மரங்கள் சில நிற்கின்றன. கொக்கும் நாரையும் எண்ணிலடங்கா. அழகிய ஏரி என்றே எண்ணினோம். கரையில் தூண்டிலிட்டிருந்த ஒருவர் வங்காளத்தில் தம் மகனைக் கூப்பிட்டார். நமக்கு வங்காளம் தாய்மொழிக்கு அடுத்தபடி. பேச்சுக் கொடுத்தோம். "ஏரியா? இது வயல்" என்றார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலம் நடுங்கியபோது, தென் அந்தமானின் தரையே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. ஆழிப்பேரலை வந்து போனதோடு முடியவில்லை. தாழ்ந்த நிலத்துக்குள் அன்று நுழைந்த உப்புநீர் திரும்பிப் போகவேயில்லை. நெல் விளைந்த இடத்தில் இன்று மீனும் பறவையும். கிழக்கு வங்கத்தினின்று அகதியாக வந்த அவருடைய தந்தையார், காடு திருத்தி உண்டாக்கிய வயலாம் அது. "பட்டா எங்கள் பெயரில்தான் இருக்கிறது, தாதா. நிலம்தான் கடல் பெயருக்குப் போய்விட்டது" என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பு நமக்குப் பிடிபடவில்லை. நாமாகவே பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்தவராயிற்றே!

அங்கிருந்து மேற்கே சென்றோம். ஹம்ப்ரீகஞ்சில் ஒரு நினைவிடம். உலகப் போரில் ஜப்பானியர் அத்தீவுகளைப் பிடித்து ஆண்ட காலத்தில், ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டி, 1944 ஜனவரி 30 அன்று நாற்பத்து நான்கு இந்தியரை அங்கே சுட்டுக் கொன்றனர். செருப்பைக் கழற்றிச் சற்று நின்றுவிட்டுப் புறப்பட்டோம். ஒருவரும் இல்லை, ஒரு நாய் மட்டும் நிழலில் படுத்திருந்தது.

இனிச் சொல்லப் போவதே நாம் சொல்ல வந்தது.

வண்டூரை நெருங்கும் வேளையில், ஒரு சிறு மேட்டில் ஏறும்போது, காலையில் கண்டும் காணாமல் விட்ட அந்தச் சங்கிலி, 'கடகட'வென ஓசையிட்டுப் பல்சக்கரத்தினின்று கழன்று சிக்கிக்கொண்டது. தள்ளிப் பார்த்தோம், பின்சக்கரம் நகரவில்லை. கடைக்காரர் கொடுத்த எண்ணுக்குக் கைப்பேசியில் அழைத்தால் மணி அடிக்கின்றது, எடுப்பாரில்லை. வெயிலோ பிப்ரவரி வெயில் போன்றில்லை. நாற்பதடி தள்ளி ஒரு பாக்குத் தோப்பு. தோப்பின் முன்னே ஒரு பெட்டிக்கடை. அதில் வெள்ளைத் தாடியும் தலையில் தொப்பியுமாக ஒரு முதியவர் அமர்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். "தள்ளாதே தம்பி, பல் போய்விடும்" என்று சொல்லி எழுந்து வந்தார். மலையாளமும் இந்தியும் கலந்து அவர் பேசினார். தமிழும் இந்தியும் கலந்து நாம் விடை சொன்னோம். இருவர்க்கும் குறையின்றி விளங்கிற்று.

பேரனைக் கூவி ஸ்பேனர் கொண்டு வரச் சொன்னார். பையன் எங்கோ போயிருந்தான். "வருவான், அதுவரை இளநீர் குடி" என்று ஒன்றைச் சீவிக் கொடுத்தார். "இந்த ஊர் வண்டூர்தானே பெரியவரே?" என்றோம். "இதுவும் வண்டூர்" என்றார். அந்த 'உம்' என்னும் எழுத்தில் தொடங்கிற்று கதை.

மலபாரில், இன்றைய மலப்புறம் மாவட்டத்தில், ஒரு வண்டூர் உண்டு. அவருடைய பாட்டனார் அவ்வூரார். 1921-இல் மலபாரில் மாப்பிளைமார் கிளர்ந்தெழுந்து, அடக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கானோர் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். மலபார் அன்று நம் சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா என்பதை நாம் மறந்துவிடலாகாது. சில ஆண்டுகளில் அவர்களுள் பலர் சிறைக்கு வெளியே நிலம் பெற்றுக் குடியேறவும், மனைவி மக்களை வரவழைத்துக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது. காட்டை வெட்டிக் குடிசை போட்டனர். குடியிருப்புகளுக்கெல்லாம் விட்டு வந்த ஊர்களின் பெயரையே வைத்தனர். தென் அந்தமானின் படத்தை எடுத்துப் பாருங்கள்: வண்டூர், மஞ்சேரி, திரூர், மண்ணார்காடு, காலிகட் என்று மலபாரே சிதறிக் கிடக்கும். "என் வாப்பா ஆறு வயதில் உம்மாவோடு கப்பலில் வந்தவர். நான் இங்கேயே பிறந்தவன். அந்த வண்டூரை என் கண் கண்டதில்லை" என்று மேற்கே, கடல் இருக்கும் திக்கைக் கை காட்டினார்.

"நீ எங்கே வேலை செய்கிறாய்?" என்றார். "ரயில்வேயில்" என்றோம், சற்றுப் பெருமையாகவே. அவர் முகம் மாறிற்று. சிறிது நேரம் பாக்கைச் சீவிக்கொண்டிருந்தார். பிறகு, "என் பாட்டனார் சொல்வாராம், இந்தத் தீவில் எல்லாக் கஷ்டமும் உண்டு, ஆனால் ரயில் இல்லை, அது ஒரு ஆறுதல் என்று" என்றார். நாம் விழித்தோம். "திரூர்ப் பெட்டி, தெரியாதா உனக்கு?" என்றார்.

அன்பர்களே, நமக்குத் தெரியும். சரக்கு அலுவலகத்தில் இருந்துகொண்டு அதை அறியாதிருக்க முடியுமா? 1921 நவம்பரில், கைதிகள் ஏறத்தாழ நூறு பேரைத் திரூரில் ஒரு மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்துக் கதவைப் பூட்டிக் கிழக்கே அனுப்பினர். காற்றுப் புக வழியில்லை. நம் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணக்குவியல். பிழைத்தவர்களிலும் சிலர் பின்னர் மாண்டனர். மொத்தம் அறுபதுக்கு மேல், எழுபது வரை என்பர். அப்பெட்டியில் அடைபட்டோரில் ஒருவர் அவருடைய பாட்டனார்க்குத் தெரிந்தவராம். ஒரு பெட்டியில் எத்தனை மூட்டை ஏற்றலாம் என்பதற்கு நம்மிடம் விதி உண்டு. மிகுதியாக ஏற்றினால் அபராதம் எழுதுவதும் நம் வேலையே. நம் கையால் எழுதிய ரசீதுகள் எத்தனை ஆயிரமோ! பெட்டியின் எண், நிலையம், எடை, சீல் போட்ட நேரம். அன்று திரூரிலும் யாரோ ஓர் எழுத்தர் அவற்றையெல்லாம் எழுதியிருப்பார் அல்லவா? அவர் நம்மைப் போல் மாலையில் வீட்டுக்குப் போய்ச் சோறு உண்டிருப்பார் அல்லவா? இளநீர் கையில் இருக்க, தொண்டையில் இறங்கவில்லை.

முதியவர் நம் முகத்தைப் பார்த்தார் போலும். "உன்னைச் சொல்லவில்லை, தம்பி. குடி" என்றார். பின்பு தாமாகவே பேச்சை மாற்றி, "அந்த வண்டூருக்கு இப்போது ரயில் போகுமா?" என்று கேட்டார்.

இது நம் துறையாயிற்றே! சட்டைப்பைக் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினோம். இங்கிருந்து சென்னைக்குக் கப்பல். சென்னை சென்ட்ரலில் மங்களூர் மெயில். மறுநாள் காலை ஷொறணூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து நிலம்பூர் ரோடு வரை 66 கிலோமீட்டர்க் கிளைப்பாதை ஒன்று பிரிகின்றது. அங்காடிப்புறம், பட்டிக்காடு, மேலாற்றூர், துவ்வூர் கடந்தால் வாணியம்பலம். அங்கே இறங்கினால் வண்டூர் சில கிலோமீட்டர்தான். கைப்பேசியில் பார்த்தும் சரி செய்துகொண்டோம். அப்பாதை 1927-இல் போடப்பட்டது. போர்க்காலத்தில் 1941-இல் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டனர். 1954-இல் மீண்டும் ஓடலாயிற்று. "உங்கள் பாட்டனார் புறப்பட்டபோது அந்த ரயில் பாதையே இல்லை, பெரியவரே. அவரை எந்த ரயிலும் அங்கிருந்து ஏற்றி வரவில்லை. நடந்தோ மாட்டு வண்டியிலோதான் ஊரை விட்டு வந்திருப்பார்" என்றோம். ஏன் அவ்வாறு சொன்னோம் என்று இன்றும் தெரியவில்லை. ரயிலுக்கு வக்காலத்து வாங்குவது போல ஆயிற்று. அவர் மறுமொழி சொல்லவில்லை. தாளை வாங்கி, கண்ணுக்கு அருகே பிடித்து, 'வாணியம்பலம்' என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"சரி, உன் ஊர் எது?" என்றார் பிறகு.

கரக்பூர் என்று வாய் சொல்லிற்று. "அது வேலை பார்க்கும் ஊர். உன் ஊரைக் கேட்டேன்" என்றார். அவையோரே, நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதன் விடை தெரியாமல் நிற்கும் கேள்வியா இது? இழுப்பறையில் கிடக்கும் விண்ணப்பம் கண்முன் வந்தது. லால்குடிப் பக்கம் என்றோம். வீட்டை விற்றுவிட்டோம் என்றும், விற்ற காசில்தான் இங்கே வந்திருக்கிறோம் என்றும், யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னோம். முன்பின் அறியாதவரிடம் இவை எளிதில் வந்துவிடுகின்றன.

"யாருக்கு விற்றாய்?" என்றார்.

"அடுத்த தெருவில் இருக்கும் ஒருவருக்கு. அவர் மகளுக்குக் கொடுக்கப் போகிறாராம்."

"இடித்துவிட்டாரா?"

"இல்லை. ஓடு மாற்றியிருப்பதாகக் கேள்வி."

"அப்படியானால் வீடு இருக்கிறது" என்றார். இருப்பதா இல்லாததா என்று கணக்குப் பார்ப்பவர் போலத்தான் சொன்னார். ஆறுதல் சொல்பவர் போன்றில்லை. அதற்குள் பேரனும் ஸ்பேனரோடு வந்து சேர்ந்தான்.

பையன் கெட்டிக்காரன். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சிறிது பின்னுக்குத் தள்ளிச் சங்கிலியை மாட்டி, மறுபடி முறுக்கி, கால் மணி நேரத்தில் வண்டியைக் கிளப்பிக் கொடுத்தான். பணம் கொடுத்தோம், கிழவர் தடுத்தார். இளநீருக்கேனும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றோம். "நீ ஊருக்குப் போனதும் அந்த ஸ்டேஷன் பலகையைப் படம் எடுத்து அனுப்பு. கணக்குத் தீர்ந்தது" என்று பேரனுடைய கைப்பேசி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதச் செய்தார். நாம் கரக்பூர்க்காரர், வாணியம்பலம் நமக்கு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டோம். ரயில்வேக்காரன் எல்லா ரயிலுக்கும் பக்கத்தில் இருப்பவன் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கட்டுமே.

வண்டூர்க் கடற்கரையில் நெடுநேரம் நிற்கவில்லை. 1983-இல் ஏற்படுத்திய மகாத்மா காந்தி கடற்பூங்காவுக்கு அங்கிருந்துதான் படகு செல்கின்றது. அனுமதிச் சீட்டு முன்னரே பெற வேண்டும், நம்மிடம் இல்லை. கரையில் ஆழிப்பேரலையில் சாய்ந்த பெருமரங்கள் வெளுத்து எலும்புபோற் கிடக்கின்றன. முதலை உண்டு, நீரில் இறங்காதே என்று எச்சரிக்கைப் பலகை. அடுக்குப் பாத்திரத்தில் கொண்டு சென்ற இட்டலியை ஒரு மரத்தின்மேல் அமர்ந்து உண்டோம்.

பின்பு வந்த வழியே மீண்டு, தெற்கே சிடியா டாபு நோக்கித் திருப்பினோம். நகரிலிருந்து அது 25 கிலோமீட்டர், தீவின் தென்கோடி. அச்சாலையில்தான் காலிகட் என்ற சிற்றூர் வருகின்றது. பலகையைக் கண்டதும் வண்டி தானே நின்றது என்று சொன்னால் மிகையாகும், நாம்தான் நிறுத்தினோம். பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் சென்றுகொண்டிருந்தனர். அவர்களுக்குக் காலிகட் என்றால் இதுதான் காலிகட். கேரளத்தில் இதே பெயரில் பெருநகரம் ஒன்று இருப்பது பாடப்புத்தகத்தில் வரும்போது, அங்கேயும் ஒரு காலிகட் உண்டாமே என்று வியப்பார்களோ என்னவோ.

கடலை ஒட்டிய வளைவுகளில் ஓட்டிச் சென்று, ஐந்து மணிக்குச் சிடியா டாபு சேர்ந்தோம். பறவைத் தீவு என்பது அப்பெயரின் பொருள். ஆனால் அது தனித் தீவன்று, கிளிகள் நிறைந்த காட்டுமுனை. நம்மோடு இருபது முப்பது பேர் நின்றிருந்தனர். எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தனர். கதிரவன் நீரில் இறங்கிக்கொண்டிருந்தான். மேற்கே அந்தக் கடலைத் தாண்டினால் சென்னை. சென்னையைத் தாண்டினால் லால்குடி. அதையும் தாண்டினால் வண்டூர். நம் கரக்பூர் எந்தத் திக்கு என்று தேடினோம். வடமேற்கே, காட்டுக்குப் பின்னால். அங்கிருந்து தெரியவில்லை.

இருட்டில் திரும்புவது எளிதாயில்லை. விளக்கொளியில் பூச்சிகள் வந்து முகத்தில் மோதின. இரண்டு முறை மாடு குறுக்கே வந்தது. ஏழு மணிக்கு விடுதி சேர்ந்தோம். சங்கிலி கழன்றதைக் கடைக்காரரிடம் சொன்னபோது, "நீங்கள் ஓட்டிய விதம் சரியில்லை" என்று முன்பணத்தில் இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டார். வாதாடவில்லை. "என்ன பார்த்தீர்கள்?" என்று இல்லாள் கேட்டார். "ஊர்ப் பலகைகள்" என்றோம். "அதற்கா ஒரு நாள் முழுதும்?" என்றார்.

கரக்பூர் திரும்பிய பின், பாலக்காட்டுக் கோட்டத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர்க்கு எழுதி, வாணியம்பல நிலையத்தின் பலகையைப் படமெடுத்து அனுப்பச் செய்தோம். மூன்று மொழியில் மஞ்சள் பலகை, பின்னே தேக்கு மரங்கள். நல்ல படம். அன்றே அதை அந்தமானுக்கு அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துப் பேரனின் கைப்பேசியிலிருந்து கிழவரே பேசினார். நலம் விசாரித்தார், வண்டியின் சங்கிலி என்னாயிற்று என்று கேட்டார். பிறகு சற்றுத் தயங்கி, "தம்பி, படம் வந்தது. ஆனால் பலகையில் வண்டூர் என்று இல்லையே" என்றார். நிலையத்தின் பெயர் அது, ஊர் அங்கிருந்து தள்ளி இருக்கிறது என்று மறுபடியும் விளக்கினோம். "ஊருக்குள்ளே ஏதாவது பலகை இருக்கும் அல்லவா? தபாலாபீசிலாவது?" என்றார்.

இருக்கும் என்று சொல்லியிருக்கின்றோம். வருகிற மே மாதம் லால்குடிப் பக்கம் ஒரு திருமணம் இருக்கின்றது. பாஸ் விண்ணப்பத்தில் ஷொறணூர் வழியாக வாணியம்பலம் என்றும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கின்றோம். அலுவலகத்தில், "அங்கே உமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். இழுப்பறையில் இருக்கும் மற்றொரு விண்ணப்பத்திற்கு இன்னும் தேதி போடவில்லை.